பாம்பன் பாலம் பேரில் பரிசுப் பெட்டி: எதை வைக்கலாம்? எதை வாங்கினால் ஜெயில்?

ஆவடி:

தீபாவளி, ஆயுத பூஜை வந்துவிட்டால் அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கம்பெனி கேட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கையில் ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் இருக்கும். அரை கிலோ ஸ்வீட், ஒரு பொட்டலம் மிக்சர், மேலே பளபள பேப்பர். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி காலி. மறுநாள் டப்பா பருப்பு போட்டு வைக்க உதவும். அவ்வளவுதான் அதன் கதை.

அதே பெட்டியை ஒரு பாலத்தின் பேரில் தயார் செய்தால் எப்படி இருக்கும்? அதுவும் நம்ம பாம்பன் ரெயில் பாலம் பேரில்?

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஸ்காட்லாந்து நாட்டில் 1890-ல் திறந்த போர்த் ரெயில் பாலத்தை அந்த ஊர்க்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். 2004-ல் வந்த இங்கிலாந்தின் ஒரு பவுண்டு நாணயத்தில் அந்தப் பாலம்தான் இருந்தது. ஸ்காட்லாந்து பேங்குகள் வெளியிட்ட ரூபாய் நோட்டு மாதிரியான நோட்டுகளிலும் அதே பாலம். 2015-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இரும்புப் பாலம்தானே என்று அவர்கள் ஒதுக்கவில்லை.

நம்ம பாம்பன் பாலம் அதற்குக் குறைந்ததா என்ன? 1914-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி திறந்தது. நாட்டின் முதல் கடல் பாலம். 108 வருடம் ரெயிலைச் சுமந்தது. 1988-ல் பக்கத்தில் ரோடு பாலம் வரும் வரை ராமேசுவரம் தீவுக்குத் தரை வழியாகப் போக இந்த ஒரே வழிதான். 2022 டிசம்பரில் அதில் ரெயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ந்தேதி பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தை பிரதமர் மோடி திறந்து வைத்தார். அன்றைக்கே தாம்பரத்தையும் ராமேசுவரத்தையும் இணைக்கும் புது ரெயிலும் தொடங்கியது.

ராமேசுவரம் போகும் கூட்டம் பாலத்தை போனில் படம் பிடிக்காமல் வருவதில்லை. வரும்போது அக்கம்பக்கத்துக்கு, மேஸ்திரிக்கு, ரிடையர் ஆகும் சீனியருக்கு என்று ஏதாவது வாங்கி வருவதும் வழக்கம். கோவில் கடைத் தெருவில் கையில் கிடைத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அதில் சில பொருள் ஜெயில் வரை கொண்டுபோய் விடும் என்பது பலருக்குத் தெரியாது. அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் நல்ல சரக்கு.

கொட்டான்தான் பெட்டி

சென்னையில் இருந்து ராமேசுவரம் ரெயில் திருச்சி வழியாகப் போனாலும் சரி, டெல்டா பக்கமாகச் சுற்றிப் போனாலும் சரி, காரைக்குடி, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டித்தான் மண்டபம், அப்புறம் பாலம். இந்த ஸ்டேஷன் பேர்களை வரிசையாகச் சொன்னாலே பெட்டியில் பாதி நிரம்பிவிடும்.

காரைக்குடி என்றால் செட்டிநாட்டு கொட்டான். பனை ஓலையில் கலர் கலராக முடைந்த கூடை. புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. முன்பெல்லாம் செட்டிநாட்டுக் கல்யாணங்களில் தாம்பூலம், பலகாரம் எல்லாம் இதில்தான் போகும். அட்டைப் பெட்டிக்குப் பதில் மூடி போட்ட ஒரு கொட்டானை வாங்கிவிட்டால் பரிசுப் பெட்டி ரெடி. உள்ளே இருப்பது தீர்ந்த பிறகும் கொட்டான் வீட்டில் கிடக்கும். ராமநாதபுரம் மாவட்டத்திலும் பனை ஓலைப் பெட்டி முடையும் பெண்கள் நிறைய பேர். சுய உதவிக் குழு, பனைத் தொழில் கூட்டுறவு சங்கம் மூலமாக வாங்கினால் காசு முடைந்தவர் கைக்கு நேராகப் போகும். ஒரு பெட்டி முடைய ஓலையை வார்ந்து, காய வைத்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் பின்ன வேண்டும். பேரம் பேசும்போது அதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

மானாமதுரை மண்பாண்டத்துக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்க் கடம் இல்லாமல் கச்சேரி மேடை இல்லை. பரிசுப் பெட்டியில் கடம் வைக்க முடியாது, உடைந்தால் தொலைந்தது. ஒரு சின்ன மண் உண்டியலோ இரண்டு அகல் விளக்கோ போதும். வைக்கோலோ பழைய நியூஸ் பேப்பரோ சுற்றி நடுவில் வைக்கவும்.

குண்டு வத்தலும் கருவாடும்

ராமநாதபுரம் என்றால் குண்டு மிளகாய். முண்டு மிளகாய் என்றும் சொல்வார்கள். நீட்டு மிளகாய் மாதிரி இல்லாமல் உருண்டையாக, தோல் தடியாக இருக்கும். மழை குறைவான அந்த மாவட்டத்தில் மானாவாரியில் விளையும் பணப்பயிர். 2023-ல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தது. சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் தாளித்தால் வாசனை தெருவரை வரும். லேசாக இருப்பதால் தூக்கிக்கொண்டு வரவும் சிரமம் இல்லை. வாங்கும்போது காம்பு கழன்றதும், கையில் ஈரம் தட்டுவதும் வேண்டாம். ஈரம் இருந்தால் ஊர் வந்து சேருவதற்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

கருப்பட்டி, பனங்கற்கண்டு இரண்டும் வைக்கலாம். ஆனால் கருப்பட்டியில் சர்க்கரை கலக்கும் வேலை நடக்கிறது. உடைத்துப் பார்க்கும்போது உள்ளே சர்க்கரை மணி மாதிரி பளபளத்தால் சந்தேகப்படலாம். அடைத்து விற்கும் பாக்கெட் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர், பேக் செய்த தேதி இரண்டும் இருக்கிறதா என்று பார்க்கவும். இன்னொன்று, சுகர் இருக்கிற பெரியவர்களுக்கு “கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது” என்று கொடுக்கக் கூடாது. அதுவும் இனிப்புதான், சுகர் ஏறும்.

பாம்பன் என்றால் மீன் இல்லாமலா? நெத்திலிக் கருவாடு நல்ல சாய்ஸ். மணலில் அப்படியே கொட்டிக் காய வைத்ததில் பல்லில் மண் நறநறக்கும். வலை விரித்தோ பரண் கட்டியோ காய வைத்தது சுத்தமாக இருக்கும். கேட்டு வாங்கலாம். நல்லாக் காய்ந்த நெத்திலி ஒடித்தால் படக்கென்று ஒடியும். இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தால்தான் ரெயிலில் சண்டை வராது. எதிர் சீட்டில் மாலை போட்ட சாமி உட்கார்ந்திருந்தால் அவ்வளவுதான்! கோவில் போய் வந்த வீட்டுக்கும் சைவ வீட்டுக்கும் கொடுக்கிற பெட்டியில் கருவாடு வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

டீத்தூள் ஏன்?

பாம்பன் பெட்டியில் டீத்தூளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்தப் பெட்டியில் எதை விட்டாலும் டீத்தூளை விடக் கூடாது.

பாலம் கட்டியதே ராமேசுவரத்துக்குப் பக்தர்களை ஏற்றிப் போக மட்டும் இல்லை. அன்றைக்குச் சிலோனுக்குப் போகும் வழி அது. சென்னையில் போட் மெயில் ஏறினால் பாலம் தாண்டி தனுஷ்கோடி. அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். மறுபடி ரெயில் ஏறினால் கொழும்பு. அங்கே தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் மண்டபம் கேம்ப்பில் தங்க வைக்கப்பட்டு, சோதனை முடிந்து, இந்தப் பாலத்தின் மேல்தான் போனார்கள்.

1964 அக்டோபர் 30-ந்தேதி இந்தியாவும் இலங்கையும் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டன. 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்ள ஒத்துக்கொண்டது. அந்த மலையக மக்களை யாரும் கேட்கவில்லை. மூன்று தலைமுறை அங்கே கொழுந்து பறித்தவர்கள், தாத்தா வந்த பாலத்திலேயே பேரன் பேத்தியோடு மூட்டை முடிச்சுடன் திரும்பி வந்தார்கள். பலருக்கு இந்த மண்ணில் சொந்தம் என்று சொல்ல யாரும் கிடையாது.

அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. 1976-ல் அது கார்ப்பரேஷன் ஆனது. அதுதான் டான்டீ. ஆக, ஒரு பாக்கெட் டான்டீ டீத்தூள் இந்தப் பெட்டியில் இருந்தால், பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தவர்களின் உழைப்பும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியைக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அது வெறும் டீத்தூள்.

46 நாள்

அதே 1964. டிசம்பர் 22-ந்தேதி ராத்திரி புயல் அடித்தது. தனுஷ்கோடி ஊரையே கடல் கொண்டுபோனது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரெயில் ஊரை எட்டும் முன்பே அலையில் மூழ்கியது. அதில் மட்டும் 100 பேருக்கு மேல் செத்துப் போனார்கள்.

பாலத்தின் கர்டர்களும் அடித்துக்கொண்டு போயின. நடுவில் தூக்கித் திறக்கும் பகுதி மட்டும் நின்றது. சரி செய்ய 6 மாசம் ஆகும் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். அப்புறம் 3 மாசம் என்று குறைத்தார்கள். பொறுப்பு 32 வயது என்ஜினீயர் ஸ்ரீதரனிடம் வந்தது. பின்னாளில் கொங்கன் ரெயில்வே, டெல்லி மெட்ரோ கட்டிய அதே ஸ்ரீதரன்தான். புதுக் கர்டர் வரும் வரை காத்திருக்காமல், கடலுக்குள் கிடந்த பழைய கர்டர்களைத் தேடிப் பிடித்துத் தூக்கி வந்து மாட்டினார்கள். 46 நாளில் ரெயில் ஓடியது. ஸ்ரீதரனுக்கு ரெயில்வே மந்திரி விருது கிடைத்தது. தண்ணீரில் இறங்கிச் சங்கிலி கட்டியவர்கள் பேர் எங்கும் இல்லை.

அந்த 1964-ல்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் தொடங்கியது. அங்கே ஒரு பாலத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே லேத் மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன.

மாடல் இங்கேயே செய்யலாம்

பெட்டியில் பாலத்தின் மாடல் ஒன்று இருந்தால்தான் பேருக்குப் பொருத்தம். கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பொம்மைகளில் பாதி எந்தப் பாலம் என்றே தெரியாது. அம்பத்தூர் பக்கம் ஷீட் மெட்டல், லேசர் கட்டிங் பட்டறைக்குப் பஞ்சமா? தகட்டு வெட்டில் மிஞ்சும் துண்டிலேயே செய்து விடலாம்.

முழுப் பாலத்தையும் செய்ய ஆசைப்படக் கூடாது. புதுப் பாலம் 2.08 கிலோ மீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 2 மீட்டர் நீளம் வரும், கதவுக்குள் நுழையாது. கப்பலுக்கு வழி விடும் நடுப்பகுதியை மட்டும் செய்தால் போதும். அது 72.5 மீட்டர். ஐந்நூறில் ஒரு பங்கு என்றால் பதினாலரை சென்டி மீட்டர். கொட்டானில் அடங்கும்.

எந்தப் பாலம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டும் திறக்கும் விதமே வேறு. பழையது இரண்டு கைகளை வானத்துக்குத் தூக்குவது மாதிரி நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் மேலே போகும். அமெரிக்க என்ஜினீயர் ஷெர்சர் கண்டுபிடித்த முறை. பின்பக்கம் எதிர் எடை இருப்பதால் அவ்வளவு பெரிய இரும்பையும் ஊழியர்கள் கையாலேயே சுற்றித் திறந்தார்கள். கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

புதியது லிப்ட் மாதிரி. இரண்டு கோபுரத்துக்கு நடுவில் தண்டவாளத்தோடு அந்தப் பகுதி முழுசும் படுத்த வாக்கிலேயே 17 மீட்டர் நேராக மேலே போகும். மோட்டார்தான் தூக்குகிறது, இதிலும் எதிர் எடை உண்டு. மாடலில் இந்த 17 மீட்டர் 3.4 சென்டி மீட்டர் ஆகும். இரண்டு பக்கமும் நூலும் சின்ன நட்டும் கட்டி எதிர் எடை வைத்தால் பிள்ளைகள் விரலால் தூக்கி விளையாடலாம். வரலாற்றுப் பாலம் என்று எழுதிவிட்டுப் புதுப் பாலத்தின் படத்தை ஒட்டி விடாதீர்கள். இப்போது பல இடத்தில் அந்தக் குழப்பம் நடக்கிறது.

கடல் உப்புக் காற்று அங்கே இரும்பைத் தின்று விடும். அதனால்தான் பழைய பாலத்துக்குக் காலமெல்லாம் பெயிண்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பியும் தனி ரகப் பெயிண்டும் போட்டிருக்கிறார்கள். நீங்கள் செய்யும் மாடலுக்கும் ஒரு கோட் பிரைமர் அடித்து விடுங்கள்.

ஒரு பழைய நியூஸ் பேப்பர்

செலவே இல்லாத பொருள் இது. ராமேசுவரத்தில் 1931-ல் பிறந்த அப்துல் கலாம் சிறுவனாக இருந்தபோது உலகப் போர் நடந்தது. ராமேசுவரம் ஸ்டேஷனில் ரெயில் நிற்பதை ரத்து செய்தார்கள். பேப்பர் கட்டுகளை ஓடும் ரெயிலில் இருந்து தூக்கி வீசுவார்கள். அதைப் பொறுக்கி எடுத்துத் தன் உறவினருக்கு உதவியாக இருந்து கலாம் முதல் சம்பளம் பார்த்தார். அதைத் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். பாலம் தாண்டி வந்த பேப்பர் கட்டு அது. மண் விளக்கைச் சுற்றப் பேப்பர் வேண்டும் என்று மேலே சொன்னோமே, அதைச் சுற்றும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

பவளம் வேண்டவே வேண்டாம்

இப்போது ஆபத்தான சரக்கு. பாம்பன், ராமேசுவரம் கடல் மன்னார் வளைகுடா பக்கம். அங்கே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை, கடல் விசிறி எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. புலி, யானைக்கு என்ன சட்டமோ அதேதான். எடுப்பது, விற்பது, வாங்குவது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். சிக்கினால் 3 வருடம் முதல் 7 வருடம் வரை ஜெயில், மேலே அபராதம்.

“அழகா இருக்கு, மீன் தொட்டியில் வைக்கலாம்” என்று ஒரு துண்டு வெள்ளைப் பவளத்தை வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். “மிதக்கும் கல்” என்று யாராவது காட்டினாலும் உஷார். காய்ந்த பவளப்பாறைத் துண்டில் பொடிப்பொடி ஓட்டைகளில் காற்று நிற்பதால் அது தண்ணீரில் மிதக்கும். பக்தியோடு வாங்கினேன் என்றால் சட்டம் விடாது.

பூஜைக்கு வைக்கும் வலம்புரி, இடம்புரிச் சங்கு வகை இந்தத் தடையில் இல்லை. ஆனால் வேறு சில சங்கு, சிப்பி வகைகள் தடைப் பட்டியலில் இருக்கின்றன. பார்த்ததும் எது எது என்று நமக்குத் தெரியாது. அரசு பூம்புகார் கடையில் பில் போட்டு வாங்கினால் வம்பு இல்லை. இல்லையென்றால் சிப்பியே வேண்டாம், பெட்டி அது இல்லாமலே நிறைந்துவிடும்.

போல்ட்டுக்கும் 5 வருடம்

பழைய பாலத்தின் போல்ட்டு, ரிவிட், தண்டவாளத் துண்டு என்று சொல்லி யாராவது விற்க வந்தால் கையை நீட்டாதீர்கள். ரெயில்வே பழைய இரும்பை ஏலத்தில்தான் விற்கும், டன் கணக்கில், பேப்பரோடு. பேப்பர் இல்லாத ரெயில்வே சாமான் கையில் இருந்தால் 1966-ம் வருட ரெயில்வே சொத்து சட்டப்படி முதல் தடவைக்கே 5 வருடம் வரை ஜெயில் கிடைக்கும். எங்கிருந்து வந்தது என்று கணக்குக் காட்ட வேண்டியது வைத்திருப்பவர்தான். காயலான் கடைக்காரர்களுக்கு இந்தச் சட்டம் நன்றாகவே தெரியும். ஆசைப்பட்டு வாங்கும் அப்பாவிக்குத்தான் தெரியாது. விற்கிறவன் சொல்வது பொய்யாக இருந்தால் காசு போச்சு. உண்மையாக இருந்தால் ஆளே போச்சு.

எப்படிக் கட்டுவது?

அடியில் மிளகாய் வத்தலைத் துணிப்பையில் போட்டுப் பரப்பவும், அதுவே மெத்தை. மேலே மண் விளக்கு, மாடல். கருப்பட்டியை ஓலையிலோ பட்டர் பேப்பரிலோ சுற்றித் தனியாக வைக்கவும். மழைக் காலத்தில் இளகி மற்றதில் ஒட்டும். டீத்தூள் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. கருவாடு வைக்கிற பெட்டியில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தால் டீ குடிக்க முடியாது. சின்னத் துண்டு ஒன்றில் பாலம் திறந்த வருடம், 46 நாள் கதை, டான்டீ கதை மூன்றையும் கையாலேயே எழுதி மேலே வைத்துக் கொட்டானை மூடிச் சணல் கயிறு கட்டலாம்.

நேரில் போய் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆவடி, அம்பத்தூரில் இருந்து லோக்கல் ரெயிலில் சென்ட்ரல் போய், ரோட்டைத் தாண்டிப் பார்க் ஸ்டேஷனில் பீச்-தாம்பரம் ரெயிலைப் பிடிக்க வேண்டும். ராமேசுவரம் ரெயில் எழும்பூரில் கிளம்புகிறதா, தாம்பரத்தில் கிளம்புகிறதா என்பதை டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கிளம்பவும். பெரும்பாலான ரெயில்கள் பாலத்தைத் தாண்டுவது காலையில்தான். மண்டபம் தாண்டியதும் எழுந்து உட்கார்ந்தால் போதும். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போன் நீட்ட வேண்டாம், கடல் காற்று ஆளையே சாய்த்து விடும்.